தெருப்பேச்சும் பேரிலக்கியமும்



பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். நன்னூல் படிக்கும்போது இவற்றைக் குழூஉக்குறி என்று கற்கின்றீர்கள். தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்தும் விடுகின்றீர்கள். சற்று நின்று எண்ணினால், ஈண்டு வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல்லையும் நம் இலக்கண ஆசிரியர் ஒதுக்கவில்லை. அதற்கு ஒரு பெயர் வைத்து, மங்கலச் சொல்லுக்கும் இடக்கரடக்கலுக்கும் பக்கத்தில், தகுதி வழக்கினுள் இடம் கொடுத்தார். கள்ளுக்குச் 'சொல்விளம்பி' என்று பெயரிட்ட வேடன் யாரோ, நகைச்சுவை நன்கறிந்தவன். உள்ளே சென்றால் உள்ளத்துள்ள சொல்லையெல்லாம் வெளியே கொணர்வது எது என்று அவன் அனுபவத்தில் கண்டிருக்க வேண்டும்!

ஆங்கில மொழியில் இவ்வகைச் சொற்கள் கடலெனப் பெருகியவை. 1755ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் என்னும் பேரறிஞர் பெரும் அகராதி ஒன்று வெளியிட்டார். கீழோர் வழக்கு என்று தமக்குத் தோன்றிய சொற்களில் பலவற்றை அவர் விட்டுவிட்டார். சேர்த்த சிலவற்றுக்கும் 'இழிந்த சொல்' என்று முத்திரை குத்தினார். முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1785இல், பிரான்சிஸ் குரோஸ் என்பவர் அந்த இழிந்த சொற்களுக்கென்றே தனி அகராதி வெளியிட்டார். அவர் படைத்தலைவர், ஓவியர், பழங்கோட்டைகளையும் இடிந்த தேவாலயங்களையும் தேடித் திரிந்த ஆராய்ச்சியாளர், உடலோ மிகப் பருத்தது. ஸ்காட்லாந்தின் பழஞ்சின்னங்களைப் பற்றி அவர் நூல் எழுதியபோது, அல்லோவே தேவாலயப் படத்தோடு சேர்ப்பதற்காக ராபர்ட் பர்ன்ஸ் எழுதிக் கொடுத்ததே 'டாம் ஓ ஷாண்டர்' என்னும் புகழ்பெற்ற கதைப்பாட்டு. ஜான்சன் நூலகத்தில் சொல் தேடினார். குரோஸோ சாராயக்கடையிலும் படைவீரர் குடியிருப்பிலும் தேடினார். எனக்குக் கேட்டால், ஒரு மாலைப்பொழுது உடனிருந்து பேசுவதற்கு இரண்டாமவரையே தேர்ந்தெடுப்பேன்.

குரோஸ் 1791இல் மறைந்தார். அவர் அகராதியிற் பிறர் புதுச்சொற்கள் சேர்த்து 1811இல் ஒரு பதிப்பு வெளிவந்தது. அந்தப் பதிப்பை இன்று எந்த ஊரிலுள்ள மாணவரும் ஒரு காசும் கொடாமல் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ படிக்கலாம். 'குட்டன்பர்க் திட்டம்' என்னும் மின்னூலகத்தில் அது இருக்கின்றது.

அதனைத் திறந்தவுடன் கண்ணிற் படுவது நகைச்சுவை. காவலரைப் 'பன்றி' என்று ஏசுவது இக்கால இளைஞர் கண்ட புதுமை என்று பலர் கருதுகின்றனர். 1811ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அது பதிவாகியுள்ளது. 'ரம்' என்ற அடைமொழிக்கு 'நேர்த்தியான, விலைமதிப்புள்ள' என்று அங்கே பொருள் காண்கிறோம். அடுத்த தலைமுறைகளிலோ, அதே சொல் 'விந்தையான, ஐயத்திற்கிடமான' என்று பொருள் மாறிவிட்டது. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தச் செய்வது போன்றதே இதுவும்.

சில பக்கங்கள் சென்றபின், நகைப்பு மெல்ல அடங்கிவிடும். ஏனெனில் அந்த அகராதியில் தூக்குமரத்துக்கும் தூக்கிலிடப்படுவதற்கும் உள்ள பெயர்கள் எண்ணிலடங்கா. தூக்குமரம் 'ஷெரீப்பின் படச்சட்டம்'. தண்டனை நிறைவேற்றம் 'ஷெரீப்பின் நடனவிருந்து'. தூக்கிலிடப்பட்டவனின் மனைவி 'சணற்கயிற்றுக் கைம்பெண்'. தூக்கில் ஆடுவது 'பாடிங்டன் குதியாட்டம்'. பாடிங்டன் என்ற ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது? லண்டனின் பழைய கொலைக்களமாகிய டைபர்ன் அதன் பக்கத்தில் இருந்தது. 1783இல் டைபர்னைக் கைவிட்டு, நியூகேட் சிறைவாயிலில், காலடிப் பலகை கீழே விழும் புதுவகை மேடையை அமைத்தனர். அகராதியிற் காணும் 'காலை வீழ்ச்சி' என்ற மற்றொரு பெயர் இந்தப் புது மேடைக்கே பொருந்துகிறது. கொலைக்களம் இடம் மாறியது; தெருவார் வாயிற் சொல்லும் மாறியது.

சாவைப் பற்றி ஏன் இத்தனை கேலி? அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200க்கும் மேற்பட்டிருந்தன. ஒருவன் சட்டைப்பையிலிருந்து அவன் அறியாமல் 12 பென்சுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை எடுப்பவனுக்கும் தூக்குத்தண்டனை விதிக்கலாம் என்றிருந்தது. 1808ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் நீங்கியது. பட்டுக் கைக்குட்டை ஒன்று கழுத்தைக் கேட்கும் காலம் அது. கைக்குட்டைக்குக் 'துடைப்பி' என்று மறைபெயர் சூட்டியவர்கள் பொழுதுபோக்குக்காகச் சூட்டவில்லை. அருகில் நிற்பவன் காதில் அது வேறொன்றாக விழ வேண்டும்; விழாவிட்டால் உயிர் போகும்.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டு சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலைப் படியுங்கள். 1837 முதல் 1839 வரை மாத இதழில் தொடராக வந்தது அது. அநாதைச் சிறுவன் ஆலிவர் பசியோடு நடந்து லண்டனுக்கு அருகிலுள்ள ஊரை அடைகிறான். அங்கே அவனை எதிர்கொள்பவன், வயதுக்குப் பொருந்தாத பெரிய சட்டை அணிந்த ஒரு பிக்பாக்கெட் சிறுவன். அவன் 'பீக்' என்கிறான். அலகு என்று நேர்ப்பொருள் கொண்டு ஆலிவர் பறவையின் வாயை நினைக்கிறான். மற்றவன் அவனுடைய அறியாமையைக் கண்டு வியந்து, அது நீதிபதியைக் குறிக்கும் என்று விளக்குகிறான். டிக்கன்ஸ் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். அடிக்குறிப்பு இல்லை, சொற்பட்டியல் இல்லை. கதைக்குள் நிற்கும் அறியாச் சிறுவன் கேட்கிறான். அவனோடு சேர்ந்து நாமும் கற்கிறோம். கற்கும்போதே, கள்வர் கூட்டத்தினுள் ஓரடி எடுத்து வைத்தும் விடுகிறோம். மொழி கற்பதும் வலையில் விழுவதும் அங்கே ஒன்றாகவே நிகழ்கின்றன.

அதே உரையாடலில் 'மில்' என்ற சொல்லும் வருகின்றது. நீங்கள் குரோஸின் 1811ஆம் ஆண்டு அகராதியைப் புரட்டினால், கொள்ளையடித்தல், அடித்து நொறுக்குதல், குத்துச்சண்டை என்ற பொருள்களே கிடைக்கும். அவற்றுள் எதுவும் இங்கே பொருந்தாது. காரணம், சிறைகளில் கைதிகளை ஓயாமல் படியேறச் செய்த மிதிசக்கரத்தை வில்லியம் கியூபிட் என்னும் பொறியியலாளர் 1818ஆம் ஆண்டை ஒட்டித்தான் அமைத்தார். அகராதி அச்சானபோது அந்தப் பொறியே இல்லை. டிக்கன்ஸ் எழுதியபோதோ ஏழைச் சிறுவர்கள் அதனை நன்கறிந்திருந்தனர். ஆகவே நாவலின் ஆண்டையும் அகராதியின் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். ஜான் கேம்டன் ஹாட்டன் என்பவர் 1859இல் வெளியிட்ட மற்றொரு வழக்குச்சொல் அகராதியும் இலவசமாகவே கிடைக்கின்றது. டிக்கன்சைப் படிப்போர்க்கு அதுவும் துணையாகும்.

இந்நூல்கள் எவ்வாறு நம் கைக்கு வந்தன? 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பெருங்கணிப்பொறியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தம் கையாலேயே தட்டச்சுச் செய்து வைத்தார். காப்புரிமை நீங்கிய நூல்களை யாரும் விலையின்றிப் பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் 2011இல் மறைந்தார். இன்று அந்த நூலகத்தில் 70,000க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. 2000ஆம் ஆண்டு முதல் மெய்ப்புப் பார்க்கும் பணியைப் பல நாட்டுத் தொண்டர்கள் பகிர்ந்து செய்கின்றனர். அச்சுப்பக்கத்தின் படம் ஒருபுறம்; பொறி படித்துத் தந்த எழுத்து மறுபுறம்; ஒருவர் பார்த்த பக்கத்தை இன்னொருவர் மீண்டும் பார்ப்பார்.

பொறி செய்யும் பிழைகள் வேடிக்கையானவை. தமிழ் அச்சில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேற்றுமை மிகச் சிறிது. 'மரம்' என்பதைப் பொறி 'மாம்' என்று படித்துவிடும். இவற்றைத் திருத்துவது எளிது. திருத்தாமல் விடுவதே அரிது! பழைய வழக்குச்சொல் ஒன்று, அறியாதவர் கண்ணுக்கு அச்சுப்பிழை போலவே தோன்றும். நல்லெண்ணத்தோடு ஒருவர் அதனைத் திருத்திவிட்டால், அந்த மின்னூலில் அச்சொல் இறந்தது. ஆசிரியர் எழுதியதை உள்ளபடியே விடுக. ஐயம் எழுந்தால் குறித்துமட்டும் வைக்க என்பது அத்தொண்டர்கள் கைக்கொள்ளும் விதி. நம் ஏடு பெயர்த்தெழுதிய புலவர்கள் எல்லோரும் இவ்விதியைக் கைக்கொண்டிருந்தால், பாடவேறுபாடுகளால் நாம் படும் தொல்லை பாதியாகக் குறைந்திருக்கும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இவ்வாறே தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களைத் திரட்டி வருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குரோஸின் நூலைப் புகழ்ந்த வாயால் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பெண்களையும், யூதரையும், ஐரிஷ் மக்களையும் இழித்துப் பேசும் சொற்கள் அதில் நிறைய உண்டு. மேலும், கள்வர் மொழியைத் தொகுத்தோர் தமக்கு முந்திய தொகுப்புகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டனர். குரோஸும் அதற்கு விலக்கல்லர். ஆதலால் அச்சிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அந்த ஆண்டில் தெருவில் உயிரோடு இருந்தது என்று துணிய முடியாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அது கனவான்கள் படித்துச் சிரிப்பதற்காகக் கனவான் ஒருவர் தொகுத்த நூல். அச்சொற்களுக்குரியவர்கள் அங்கே வாய்திறந்து பேசுவதில்லை.

அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் வேறோர் இடம் இருக்கின்றது. லண்டன் மாநகரின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்து வழக்கு நடவடிக்கைகள், 1674 முதல் 1913 வரை, 1,97,745 வழக்குகள், இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. வேலைக்காரியும் மீன் விற்பவளும் வண்டியோட்டியும் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னவை அங்கே உள்ளன. 'கைக்குட்டை' என்று தேடிப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை சிறுவர்! அவற்றுள் சில வழக்குகளில் விந்தை ஒன்றைக் காண்பீர்கள். திருடப்பட்ட பொருள் மேலும் விலையுள்ளது என்று குற்றச்சாட்டுக் கூறும். ஜூரிகளோ அதன் மதிப்பு 10 பென்சே என்று தீர்ப்பளித்திருப்பர். அவர்களுக்கு விலை தெரியாமல் இல்லை. 12 பென்ஸ் என்ற எல்லைக்குக் கீழே இறக்கிவிட்டால் கழுத்துத் தப்பும் என்பதுதான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பொய்ம்மையும் வாய்மையிடத்த என்ற நெறியை அறிந்தவர்களுக்கு அந்த 10 பென்சின் பொருளை யான் விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டுச் சொற்களும் இத்தகைய அகராதி ஒன்றில் ஏறியுள்ளன. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் நூலைச் சொல்கிறேன். அதன் ஆசிரியர் இருவருள் ஒருவராகிய பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். நூல் அச்சாகுமுன்பே, 1882இல், அவர் மறைந்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தமக்குள் வழங்கிய சொற்களெல்லாம் அதில் உள்ளன. சென்னை மாகாணத்து அதிகாரிகளை மற்ற மாகாணத்தார் 'மல்' என்று கேலி செய்தனராம். நம் மிளகுத்தண்ணீரின் தலைத்துண்டு அது. சென்னைச் சேவையிலிருந்த பர்னெலும் ஒரு 'மல்' என்பதை அவரே மறுத்திருக்க மாட்டார்.

அந்நூலில் 'கஞ்சி ஹவுஸ்' என்று ஒரு சொல் இருக்கின்றது. படைவீரரை அடைத்து வைக்கும் கொட்டடிக்கு அது பெயர். அங்கே கிடைக்கும் உணவு கஞ்சி என்பதால் வந்தது. அச்சொல் வடக்கே சென்று, கேட்பாரற்றுத் திரியும் மாடுகளை அடைக்கும் பட்டிக்குப் பெயராகி, இந்தியில் நிலைத்துவிட்டது. பிரேம்சந்த் எழுதிய 'இரண்டு எருதுகளின் கதை'யில் ஹீராவும் மோதியும் அடைபட்டுக் கிடப்பது அத்தகைய கொட்டடியில்தான். பிரேம்சந்த் 1936இல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்னும் நம் நாட்டுக் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால், அக்கதையும் இன்று விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. கஞ்சியின் பெயர் தாங்கிய அந்த இடத்தில், அவ்விரண்டு எருதுகளுக்கும் தின்ன ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை.