பைபிளும் நிலமும்
(திருத்தணியில் நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆப்பிரிக்காவுக்குப் பைபிளோடு போன வெள்ளையன் நிலத்தைச் சுருட்டிக்கொண்டான் என்று நாம் மேடைதோறும் சொல்லிவருகிறோம். பொய்யல்ல. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் சட்டம் போட்டு, பெரும்பான்மையான கறுப்பு மக்களுக்குச் சுமார் 7 சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கினார்கள். பிற்பாடு நிறவெறிக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்தது அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபை. ஆனால் அதே பைபிளைக் கறுப்பு மனிதனும் படித்தான். அதில் அவன் என்ன கண்டான்?

நியாசாலாந்து, அதாவது இன்றைய மலாவி. அங்கே ஐரோப்பியர் தோட்டத்தில் குடியிருக்கும் ஆப்பிரிக்கன் வாடகைக்குப் பதிலாக உழைத்துக் கொட்டவேண்டும். 'தங்காட்டா' என்று அதற்குப் பெயர். நமக்குத் தெரிந்த வெட்டிவேலைதான். ஜான் சிலம்ப்வே என்ற கறுப்புப் பாதிரியார் பள்ளிகள் நடத்தினார். தோட்ட நிர்வாகி அவருடைய ஜெபக்கூடங்களைக் கொளுத்தினான். படித்த கூலியாள் கணக்குக் கேட்பான் அல்லவா! 1915 ஜனவரியில் சிலம்ப்வே கலகக்கொடி உயர்த்தினார். பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். சுதந்திர மலாவி அவர் முகத்தைத் தன் பணநோட்டில் அச்சிட்டது.

ஆப்பிரிக்கா தூரம் என்று எண்ணவேண்டாம். இங்கே ரயிலேறினால் திருவள்ளூர். அதை ஒட்டி ஈக்காடு. நம் திருத்தணி கார்வேட்டிநகர் ஜமீனில் இருந்த காலம். திருவள்ளூரோ செங்கல்பட்டு ஜில்லா. ஈக்காட்டில் வில்லியம் கௌடி என்ற மெதடிஸ்ட் பாதிரியார் சேரி மக்களிடையே வேலை செய்தார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ. மதம் மாற்றத்தான் வந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சேரிக்குள் போனதும் ஒன்று தெரிந்தது. படியாளின் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது. கோயிலுக்குப் போனாலும் சரி, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினாலும் சரி, "மனையைக் காலி செய்" என்றால் போதும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், "முதல் உரிமை எனக்கு" என்று மிராசுதார் வந்து நிற்பார். அடிமைமுறையைச் சட்டம் 1843-லேயே கைவிட்டிருந்தது, மிராசுதார் கைவிடவில்லை.

இதையெல்லாம் அந்தப் பாதிரிமார் எழுதினார்கள், சர்க்காரை நச்சரித்தார்கள். கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கை 1891-ல் எழுதப்பட்டது. 1892-ல் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம். அவர்களைப் புரட்சிக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். ஏகாதிபத்தியத்தின் நிழலில் வந்தவர்கள்தான். ஆயினும் உண்மையை எழுதினார்கள், அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு.

சபைக்குள் சாதி ஒழிந்ததா? இல்லை. கல்லறையில்கூடச் சுவர் வைத்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. சர்க்காரும் தன் பங்கைச் செய்தது: 1950 உத்தரவின்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியாரல்ல. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது, இவர்களுக்குத் திறக்கவில்லை. மதம் மாறியவனைச் சேரியை விட்டு எந்த மிராசுதாராவது ஊருக்குள் குடியேற்றினாரா?

ஆகவேதான் 1980-களில், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியல் பேசினார்கள். அதே காலத்தில், 1985-ல், தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணம் வெளியிட்டு, கொடுங்கோல் அரசுக்கு ஆசி வழங்கும் இறையியலைச் சாடினார்கள். ஜனங்கள் தெருவில் இறங்கிய பிறகே வேதப் புத்தகத்தின் வேறு பக்கங்கள் புரண்டன என்பது நம் கருத்து.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நிலப் போராட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. மாண்டவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே!

திருவள்ளூர் தாலுகாவிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் தத்தம் கிராமத்தின் பழைய நிலப் பதிவேட்டில் பஞ்சமி என்றோ டி.சி. என்றோ குறித்த சர்வே எண்களை எழுதி வாருங்கள். இன்று அதில் உழுகிறவர் யார், பட்டா யார் பெயரில் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவரும் ஒரே மனுவில் கையெழுத்திடவேண்டும்.