காவல்காரன் வீட்டில் குடியிருக்கும் திருடன்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்க வந்த இடத்தில் டீச்சர் நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று முகம் சுளிக்காதீர்கள். சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தாம் அந்தப் படை. அதிலே ஒரு வகைக் காவல்காரனுக்கு வேலையே கிருமியை விழுங்குவதுதான். விழுங்கிய கிருமியை ஒரு சின்னப் பைக்குள் அடைப்பான். அமிலமும் செரிக்கும் நீரும் நிறைந்த வேறொரு பை அதோடு வந்து சேரும். உள்ளே போன கிருமி கரைந்து போகும். பெரும்பாலான கிருமிகளின் கதை இப்படித்தான் முடிகிறது.

ஆனால் காசநோய்க் கிருமி இருக்கிறதே, அது பெரிய கள்ளன்! 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக உலகுக்கு அறிவித்தார். அது எப்படித் தப்பிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1971-இல் லண்டன் ஆய்வாளர்களான ஆம்ஸ்ட்ராங்கும் ஹார்ட்டும் ஓர் உண்மையைக் கண்டார்கள். உயிருள்ள காசநோய்க் கிருமி, அந்த இரண்டு பைகளையும் ஒன்று சேர விடாமல் தடுத்துவிடுகிறது! போதாததற்கு மெழுகு போன்ற தடித்த சட்டை வேறு போட்டிருக்கிறது. பிடித்த போலீஸ்காரர் வீட்டிலேயே திருடன் பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதே கதைதான். இரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் பொருள்களாலும் அணுவுக்குள் ஒளிந்திருக்கும் அவனைத் தொட முடியாது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. மற்ற அணுக்கள் வந்து சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கிருமி உள்ளேயே உறங்குகிறது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். இனிப்புநீர், புகைப்பழக்கம், சத்துக்குறைவு ஆகியவை அந்தச் சுவரைப் பலவீனமாக்கும். நம்ம வீடுகளில் இனிப்புநீர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மருந்து இருக்கிறது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டும். ஏன் இவ்வளவு நாள்? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன. இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது. "எனக்குத்தான் சுகமாயிடுச்சே" என்று நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஒளிந்து உறங்கும் கிருமிகள் இன்னும் சாகவில்லை. லாலான் புல்லை மேலாக வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? வேர் இருக்கும்வரை மறுபடியும் முளைக்கும். அதோடு, அரைகுறையாக மருந்து உண்டால், அந்த மருந்துக்கே அடங்காத கிருமிகள் பெருக வழியாகிவிடும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், நான் வேறொரு தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஒரு மாணவனின் அப்பாவுக்குக் காசநோய் வந்தது. நான் அந்தப் பையனைக் கடைசி மேசையில் தனியாக உட்கார வைத்தேன். அவனுக்கு இருமல்கூட இல்லை. அக்கம்பக்கத்தாரும் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தார்கள். வெட்கம் தாளாமல் அந்த மனிதர் இரண்டாம் மாதத்தோடு கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது. மறுபடியும் முதலிலிருந்து மருந்து. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவர் நிறுத்தியதற்கு நானும் ஒரு காரணம்.

நான் அன்று அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1956-இல் மதராசில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலும், மறு பகுதியினரை நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே வைத்தும், ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. நம் தமிழ் மண்ணில் கிடைத்த அந்தப் பாடம் உலகத்துச் சிகிச்சை முறையையே மாற்றியது.

ஆகவே பெற்றோர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்று கண்டால் அரசாங்கக் கிளினிக்கில் சளியைச் சோதித்துப் பாருங்கள். இந்த நோய் காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. நோயாளியை ஒதுக்காதீர்கள், மாத்திரையை நினைவுபடுத்துங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். பள்ளி முடிந்ததும் நானே கூட வருகிறேன்.

மாணவச் செல்வங்களே, இன்று வாங்கும் பரிசை வீட்டில் காட்டும்போது, இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவே எனக்குப் பரிசு.