இறங்குவதும் மீண்டும் எழுவதும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் விமானம் இறங்கும் முறையைப் பற்றிப் பேசப் போகிறேன். உங்களில் பலர் ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று தூர இடங்களிலிருந்து இந்த விழாவுக்காகக் கட்டுநாயக்கவில் வந்து இறங்கியவர்கள். மழை இருட்டில் ஒன்றும் தெரியாத யன்னலைப் பார்த்து மனதுக்குள் பிரார்த்தித்தவர்களும் இருப்பீர்கள். அந்த நேரம் விமானி என்ன செய்கிறார்?

முதலில், தன் உடம்பு சொல்வதை அவர் நம்புவதில்லை. எங்கள் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள திரவம் அசைவதை வைத்தே நாங்கள் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழலத் தொடங்கிவிடும். பிறகு திரும்புவது தெரியாது. நின்றால் எதிர்ப்பக்கம் சுழல்வதுபோல இருக்கும். சின்ன வயதில் கண்ணை மூடிச் சுற்றி விளையாடியபோது எல்லோரும் அனுபவித்ததுதான். மேகத்துக்குள் நல்ல விமானிக்கும் இதே நிலைதான். ஆகவே அவர் கருவிகளைப் பார்த்தே ஓட்டுகிறார்.

ஓடுபாதையிலிருந்து இரண்டு வானொலிக் கதிர்கள் வருகின்றன. ஒன்று இடம் வலம் காட்டும். மற்றது ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்கும் வழியைக் காட்டும். அந்தச் சரிவில் ஒவ்வொரு கடல் மைலுக்கும் கிட்டத்தட்ட 300 அடி இறங்க வேண்டும். தூரத்தையும் உயரத்தையும் விமானி மாறி மாறி ஒப்பிடுவார். சாதாரண கருவி இறக்கத்தில் 200 அடியளவில் ஒரு முடிவெல்லை உண்டு. அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால், உடனே விசையைக் கூட்டி மேலே எழுந்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்பதற்கு அங்கே இடமில்லை.

எங்கள் வகுப்புச் சுற்றுலாவில் நோட்டன் பிரிட்ஜில் ஒரு நினைவுச்சின்னம் பார்த்தது சிலருக்கு நினைவிருக்கும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் சுராபாயாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. அதில் 182 இந்தோனேசிய ஹஜ் பயணிகளும் 9 பணியாளரும் இருந்தனர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி இறங்கியவர்கள், மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதினார்கள். 191 பேரும் இறந்தார்கள். கட்டுநாயக்க அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர்.

விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியதில், தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்பது விசாரணையின் கருத்து. டொப்ளர் கருவி புறப்பட்ட இடத்திலிருந்து பயணத்தைக் கூட்டிக்கொண்டே வருவது. நீண்ட கடற்பயணத்தில் சிறு பிழையும் வளர்ந்துவிடும். தரையிலுள்ள ஒரு நிலையத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டிசி-8 ஜித்தாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்து, கட்டுநாயக்க ஓடுபாதைக்கு முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் இறங்கும் ஒழுங்குமுறையைக் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த கருவிகளின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கருவி பிழைத்தாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறார்கள்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? நான் மயக்கமருந்து வைத்தியர். பயிற்சிக் காலத்தில், ஒரு நடுநிசிச் சத்திரசிகிச்சையில், நோயாளியின் சுவாசக்குழாய்க்குள் குழாய் போட்டேன். சரியாகத்தான் போட்டேன் என்று எனக்கு நிச்சயம். மூச்சிலே வெளிவரும் காபனீரொட்சைட்டைக் காட்டும் திரையில் கோடு எழும்பவில்லை. “கருவியில்தான் கோளாறு” என்றேன். பக்கத்தில் நின்ற தாதி மெதுவாகச் சொன்னார்: “டொக்டர், ஒட்சிசனும் குறையுதே.” இரண்டு கருவிகள் ஒன்றைச் சொல்ல, நான் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாய் உணவுக்குழாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, முகமூடியால் மூச்சுக் கொடுத்து, மூத்த வைத்தியரைக் கூப்பிட்டேன். அந்த அம்மா பிழைத்தார்.

அந்தக் குழாயை வெளியே எடுக்க என் கை தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அறியாமை அல்ல, வெட்கம். பொரளையிலிருந்து 154ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தவணையும் முதலாம் பிள்ளையாக வர வேண்டும் என்று படித்தவள் நான். பிழைத்துவிட்டேன், திரும்பத் தொடங்குகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

பல விமான நிறுவனங்களில், மீண்டும் மேலே எழுந்த விமானியைக் குறை சொல்வதில்லை என்பது ஒரு விதி. பயந்தவர் என்று யாரும் அவரை நினைப்பதில்லை; எல்லை தெரிந்தவர் என்றே மதிக்கிறார்கள். ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கான எரிபொருளையும் புறப்படும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கல்லூரி எங்களுக்கு உறுதியைத் தந்தது. அதற்கு என்றும் நன்றியுடையேன். அடுத்த நூற்றாண்டில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துக் கொடுப்போம்: உனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார், பக்கத்தில் நிற்பவர் மெதுவாகச் சொன்னாலும் கேள், பாதை தெரியாவிட்டால் வெட்கப்படாமல் மேலே எழும்பு. சுற்றி வந்து இறங்கலாம்.