கட்டில் யாருக்கு, எத்தனை நாளைக்கு?

நெடுநாள் தீவிர சிகிச்சையும் மருத்துவமனைக் கூட்டுகளும்: புனே தரும் படிப்பினை

(புனேயில் மக்கள் நல்வாழ்வுத் துறைத் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



2025 ஜனவரியில் புனேயின் சின்ஹகட் சாலைப் பகுதியில் கில்லன்-பாரே நோய் பரவியது. நாந்தேட், கிர்கட்வாடி முதலிய சிற்றூர்கள் 2021இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டவை. மாநகராட்சியின் எல்லை அவற்றை எட்டியது. முறையாகச் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் எட்டவில்லை. சில வாரங்களுக்குள் இந்நோய் கண்டவர்களும் ஐயத்திற்குரியவர்களுமாக 200க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர். பலர் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன.

குடிநீர்க் கேடு குறித்து நிறையப் பேசப்பட்டுவிட்டது. இங்கு பரிசீலிக்க வேண்டியது மற்றொரு கேள்வி: வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தீவிர சிகிச்சை தேவைப்படும் நோயாளிக்கு யார் பொறுப்பு?

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்குகிறது. காலில் தொடங்கும் தளர்ச்சி மார்புத் தசைகளை எட்டினால் மூச்சுவிடக் கருவியின் துணை வேண்டும். ஆயினும் பெரும்பாலோர் மீண்டும் எழுந்து நடக்கிறார்கள். அதற்குத் தேவைப்படுவது காலம். இடைவிடாத செவிலியர் கவனிப்பு. பிறகு நெடுநாள் இயன்முறை சிகிச்சை. ஏழைக்குக் கிடைக்காத பொருளும் அந்தக் காலமே.

மருந்துக் கணக்கைப் பாருங்கள். இம்யூனோகுளோபுலின் ஊசி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் வீதம் 5 நாட்களில் செலுத்தப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள தொழிலாளிக்கு 120 கிராம். அதாவது 5 கிராம் குப்பிகள் 24. மருந்துக்கே சில இலட்சங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் அன்றாடக் கட்டணம் தனி. செய்தி நாடெங்கும் பரவிய பின்னரே புனே மாநகராட்சியின் கமலா நேரு, பிம்ப்ரியின் யஷ்வந்த்ராவ் சவான், அரசின் சசூன் ஆகிய மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை அறிவிக்கப்பட்டது. மகாத்மா ஜோதிராவ் புலே மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் இந்நோய்க்கான தொகை 80,000 ரூபாயிலிருந்து 1,60,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெருக்கடி முற்றினால் பணம் வரும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் நாளை இதே நோயோடு தன்னந்தனியாக வரும் ஒருவருக்காக எந்த அமைச்சரும் அறிவிப்பு வெளியிடமாட்டார்.

நடைமுறையில் உள்ள கூட்டுகள் மூன்று வகை.

முதலாவது, அறக்கட்டளை மருத்துவமனைகள். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவும், மும்பை உயர்நீதிமன்றம் 2006இல் வகுத்த திட்டமும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. 10 சதவீதக் கட்டில்கள் வறியோருக்கு இலவசம். மற்றொரு 10 சதவீதம் நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்தில். மொத்தக் கட்டண வருவாயில் 2 சதவீதம் வறியோர் நிதிக்கு. அவசர நிலையில் முன்பணம் கேட்கலாகாது. நிலைமை சீராகும்வரை சிகிச்சை அளித்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் தீனாநாத் மங்கேஷ்கர் மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவரிடம் 10 இலட்சம் ரூபாய் முன்பணம் கேட்கப்பட்டதாகக் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். அப்பெண் வேறிடத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபின் இறந்தார். நகரமே கொந்தளித்தது. அந்த விவாதம் வாசற்படியைப் பற்றியது. நெடுநாள் நோயாளிக்கோ "நிலைமை சீரான" பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. உயிர் தப்பிவிட்டார், ஆனால் தொண்டைக் குழாயை எடுக்க முடியவில்லை. அவரை எங்கே அனுப்புவது?

இரண்டாவது, காப்பீட்டுத் தொகுப்பு. ஒரு நோய்க்கு, ஓர் அறுவைக்கு ஒரு தொகை. தொகை தீர்ந்தபின் நோயாளி தங்கும் ஒவ்வொரு நாளும் மருத்துவமனைக்கு இழப்பு. எனவே அறுவை சிகிச்சைக்கு வரவேற்பு. படுக்கையில் கிடப்பவருக்கு வழியனுப்பு. மருத்துவரின் மனக்கடுமை இதற்குக் காரணமன்று. கணக்கின் அமைப்பே காரணம்.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. உயர்சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளோடு உடன்பாடு செய்துகொள்கிறது. 34 கொடிய, நாட்பட்ட நோய்களுக்கு ஊதியத்தில் 80 சதவீதம் வீதம் இரண்டாண்டுகள் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனும் அதில் உண்டு. தொழிலாளி வர்க்கம் பெற்ற அரிய உரிமை இது. ஆனால் 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட ஊதிய வரம்பும், பதிவேட்டில் பெயரே ஏறாத ஒப்பந்த முறையும் சாகன், போசரி ஆலைகளின் பலரை வெளியே நிறுத்துகின்றன. முதுகுத்தண்டு முறிந்த படைவீரருக்குக் கட்கியில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அது வேண்டியதே. அதே காயம் பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு அண்ணன் வீட்டுத் திண்ணைதான்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனி மருத்துவமனைகளே உண்டு. சராசரியாக 25 நாட்களுக்கு மேல் தங்கும் நோயாளிகளுக்கானவை அவை. 1983இல் நோய்வாரியான கட்டண முறை வந்தபோது இவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இலாப நிறுவனங்கள் சங்கிலித் தொடராகப் பெருகின. முழுத்தொகை கிடைக்கும் நாள் கடந்த உடனேயே நோயாளிகள் பெருமளவில் வெளியேற்றப்படுவதை ஆய்வுகள் பின்னர் காட்டின. கட்டிடம் தனி என்பதால் நோக்கம் மாறிவிடுவதில்லை.

இவ்விஷயத்தில் இரண்டு தவறான நிலைகளைத் தவிர்க்க வேண்டும். எந்தக் கூட்டும் கூடாது என்று கூறிவிட்டு, சசூனில் போதிய கட்டில் வரும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்வது ஒன்று. கிடைத்தது போதும் என்று எந்த ஒப்பந்தத்தையும் வரவேற்பது மற்றொன்று. முதலாவது இன்று படுத்திருப்பவரைக் கைவிடுகிறது. இரண்டாவது நாளைய பொது மருத்துவமனையைக் கைவிடுகிறது.

எனவே கிளைகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் திட்டவட்டமானவை. கூட்டு எதுவாயினும் நோயாளியின் பொறுப்பு பொது மருத்துவமனையிடமே இருக்க வேண்டும்; அனுப்புவதும் அழைத்துக்கொள்வதும் அதன் முடிவாதல் வேண்டும். நெடுநாள் நோயாளிக்கு ஒற்றைத் தொகுப்பு நீக்கப்பட்டு நாள்வாரிக் கட்டணம் வேண்டும். அது தணிக்கைக்கு உட்பட வேண்டும். அறக்கட்டளை மருத்துவமனையின் காலிக் கட்டில்களும், வறியோர் நிதியின் வரவு செலவும் வாசலில் மராத்தியில் எழுதப்பட வேண்டும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விடுவிக்கும் பிரிவும், இயன்முறை மறுவாழ்வுப் பிரிவும் நிரந்தரச் செவிலியரோடு அமைய வேண்டும். ஒப்பந்தச் செவிலியரின் ஆறு மாதப் பணியாணையைக் கொண்டு ஓராண்டு நோயாளியைக் காக்க இயலாது.

தோழர்களே, காய்ச்சலுக்கு வந்தவர் மூன்று நாளில் வீடு திரும்புவார். அவர் குறையை அவரே பேசுவார். தொண்டையில் குழாயோடு கிடப்பவர் பேச இயலாதவர். அருகிருக்கும் மனைவியோ மகளோ வேலை இழந்து, கூலி இழந்து நிற்கிறார். அவர்களைத் தேடிச் சென்று, பெயரும் கட்டில் எண்ணும் கட்டணச் சீட்டும் திரட்டி, அறநிலைய ஆணையரின் முன் வைப்பதிலிருந்து இந்த இயக்கம் தொடங்கட்டும்.