ராடாரில் ஒரு கணக்குப் பிழை
(மந்திர் மார்க்கில் நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கும் ராடாருக்கும் என்ன உறவு என்று தாங்கள் எண்ணலாம். நாம் பயின்றது மெட்ரிகுலேஷன் வரைதான். ஆயினும், பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் இரவெல்லாம் விழித்துத் தேடிய அனுபவம் உண்டு. அந்த உரிமையில் பேசத் துணிகிறோம்.

நம் தில்லியில் பாலத்திலும் லோதி சாலையிலும், 2002-இல் சென்னையிலும் டாப்ளர் வானிலை ராடார்கள் நிறுவப்பெற்றன. ராடார் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டு மீளும் எதிரொலியைக் கேட்கிறது. சென்று மீளும் நேரமே தூரத்தைச் சொல்லும். வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 150 மீட்டர் பிசகிவிடும்! அடுத்தடுத்த எதிரொலிகளின் நுண்ணிய மாறுதலைக் கொண்டு, மழை நெருங்குகிறதா விலகுகிறதா என்றும் அறியலாம். வினாடிக்கு 1000 துடிப்புகள் வந்தாலும் சளைக்காமல் கணக்கிடும் கருவி, இன்று பல இடங்களில் லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டரே. 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

நம் காலனிப் பிள்ளை ஒருவர் இத்தகைய கருவிக்குத் தாமே ஒரு நிரல் எழுதினார். ஓட்டிப் பார்த்தால் விந்தை! படத்தில் மேகம் சுற்றுக்குச் சுற்று நெருங்கி வந்தது. வேகக் கணக்கோ அது விலகுகிறது என்றது. கட்டடங்களை வைத்துச் சோதித்தார். வேகம் பூஜ்யம் என்று சரியாகவே வந்தது. நிற்கும் பொருளுக்கு வருவதேது, போவதேது? அங்கே பிழை அகப்படுமா? இடையிடையே எண்களை அச்சிட்டுக் காட்டும்படி வரிகள் சேர்த்தார். அந்த வேலையில் கம்ப்யூட்டர் தாமதிக்க, துடிப்புகள் சில தவறின. பழைய பிழைக்குத் துணையாகப் புதியதொன்றும் வந்தது. பின்னர், மூல எதிரொலிகளை அப்படியே பதிந்துகொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் மெல்ல மெல்ல ஓட்டினார். மூன்றாம் இரவில் பிடிபட்டது. ஒவ்வோர் எதிரொலியும் இரண்டு எண்களாகப் பதிவாகும். அவ்விரண்டையும் நிரல் இடம் மாற்றிப் படித்திருந்தது. பற்றும் வரவும் கட்டம் மாறியதுபோல், தொகை குறையவில்லை. குறி மட்டும் தலைகீழாயிற்று.

திருத்தம் ஒரே வரி. ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. “புயல் நாளில் காற்றின் திசையை இப்படிக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மாமா? இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றனவோ!” என்றார்.

அவர் அச்சம் வீணன்று. 1991 பிப்ரவரி 25 அன்று, சௌதி அரேபியாவில் தஹ்ரான் நகரில், அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவி 100 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் வினாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணுவது. அந்தப் பின்னம் கம்ப்யூட்டரின் இரண்டடிக் கணக்கில் முடிவின்றி நீளும். 24 இலக்கத்தோடு வெட்டியிருந்தார்கள். வெட்டிய துணுக்கு சேர்ந்து சேர்ந்து வினாடியில் மூன்றில் ஒரு பங்காயிற்று. ராடார் வானத்தில் வேறிடத்தில் தேடியது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை படைவீரர் விடுதியில் விழுந்தது. 28 பேர் மாண்டனர்.

பிழை முன்பே தெரிந்ததுதான். மிக நீண்ட நேரம் ஓட்டலாகாது என்று 21-ஆம் தேதி எச்சரிக்கையும் போயிற்று. ‘மிக நீண்ட’ என்றால் எத்தனை மணி என்பதை மட்டும் எழுதவில்லை. சுற்றறிக்கை எழுதிப் பழகிய நமக்கு, இதைப் படித்தபோது நெஞ்சு திக்கென்றது. கருவியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும்.

திருத்திய நிரல் 26-ஆம் தேதி தஹ்ரான் வந்து சேர்ந்தது.