மறைக்க வைப்பது நோயல்ல, நாம்தான்



நான் மருத்துவரல்ல, முனைவர் பட்ட ஆய்வாளர். தொழுநோய், எச்.ஐ.வி. இரண்டையுமே நம் சமூகம் நோயாகப் பார்ப்பதில்லை. கர்மவினை என்கிறது. சாதிக்குச் சொன்ன அதே காரணம்தான்.

இரண்டும் ஒருவருக்கே வந்தால் என்ன ஆகும்? அவர் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தொடங்குகிறார். சில மாதங்களில் நோய் எதிர்ப்பாற்றல் மீள்கிறது. அதுவரை வெளித்தெரியாமல் இருந்த தொழுநோய்க் கிருமியை அது தாக்கத் தொடங்குகிறது. தேமல் சிவந்து தடிக்கிறது. சிலருக்குப் புண்ணாக உடைகிறது. நரம்பு வீங்கி வலிக்கிறது. கவனிக்காமல் விட்டால் விரல்கள் மடங்கிப்போகலாம், கண்ணிமை மூடாமல் போகலாம்.

மருந்துதான் உடம்பைக் கெடுத்தது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஏ.ஆர்.டி.யும் தொழுநோய்க் கூட்டு மருந்தும் தொடர வேண்டும். எதிர்வினையை அடக்க மருத்துவர் பிரட்னிசோலோன் தருவார். தொழுநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சில ஏ.ஆர்.டி. மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும். ஆகவே இரண்டு நோயும் இருப்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எப்படிச் சொல்வார்? தொழுநோயாளரை அடைத்துவைக்க 1898இல் வெள்ளையர் போட்ட சட்டத்தை, 2016இல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமை 2019 வரை இருந்தது. எச்.ஐ.வி. உள்ளோரை ஒதுக்குவதற்கு எதிரான சட்டம் 2017இல்தான் வந்தது.

இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். தீண்டாமைக்கு மாத்திரை இல்லை.

ஏ.ஆர்.டி. மையங்களில் தோலையும் நரம்பையும் சோதிக்க வேண்டும் எனக் கேட்போம். உணர்ச்சியற்ற தேமல் இருப்பவரை ஒதுக்காமல், மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்வோம்.