வாழைக்காய்க் கறுப்பும் கைநடுக்கமும்



கொழும்புத்துறையிலே எங்கள் வீட்டு அடுக்களையில் வாழைக்காய் அரியும்பொழுது பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் இருக்கும். அதிலே சிறிது தேசிப்புளி பிழிந்திருப்பார்கள். அரிந்த துண்டு தண்ணீரில் விழாமற் பலகையிலே கிடந்துவிட்டால் சற்று நேரத்தில் கறுத்துப்போகும். இதை அறியாத பெண்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால், அவ்வாறு கறுக்கின்ற பொருள் மனிதனுடைய மூளையிலும் உண்டு என்றால் நம்புதல் அரிது. டோபமீன் என்பது அதன் பெயர்.

அவ்வீட்டுத் திண்ணையிலேதான் என் பெரியப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கை சும்மா மடியிற் கிடக்கும்பொழுது நடுங்கும். செம்பை எடுக்கப்போனால் நடுக்கம் சற்றே அடங்கும். நடை குறுகியது, கையெழுத்துச் சிறுத்தது, முகம் சிரிப்பை மறந்தது. வயது என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். 1817 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்த நோய் அது.

நடுமூளையிலே கரும்பொருள் என்றொரு சிறு பகுதி இருக்கின்றது. டோபமீனை ஆக்கும் நரம்புக் கலங்கள் அங்கே உள்ளன. இந்நோயில் அக்கலங்கள் மடிகின்றன. நோயாளரின் மூளையில் டோபமீன் குறைந்திருப்பதை 1960 இல் வியன்னா நகரில் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்னும் இருவர் காட்டினர். ஏன் அந்தக் கலங்களே மடிய வேண்டும்?

வாழைக்காயிலே டோபமீன், நொதியம் ஒன்றின் துணையால் ஒட்சிசனோடு சேர்ந்து குயினோன் ஆகின்றது. மூளையில் அந்நொதியமும் வேண்டுவதில்லை. தானாகவும், இரும்பின் துணையோடும் அது நடைபெறும். கரும்பொருளின் கறுப்பே அதன் எச்சம்தான். ஆகவேதான் கலம் தன் டோபமீனைப் புளிப்புள்ள சிறு பைகளிலே அடைத்து வைக்கின்றது. எங்கள் தேசிப்புளித் தண்ணீரின் உபாயம் இதுவே! பையிலிருந்து கசிந்தது ஒட்சியேறினால், குயினோன் அருகிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளும். பற்றினால் எளிதில் விடாது.

அவ்வாறு பற்றப்படுவனவற்றுள் ஒன்று பார்க்கின் என்னும் புரதம். கலத்தினுள்ளே பழுதுபட்டவற்றுக்குக் குறியிட்டு, அவற்றை அகற்றச் செய்கின்ற காவற்காரன் அது. அதன் மரபணு பழுதானால் இளவயதிலேயே இந்நோய் வரும் என்பதை 1998 இல் யப்பானிய ஆய்வாளர் கண்டனர். ஆயினும் பெரும்பாலான நோயாளருக்கு அம்மரபணு செம்மையாகவே இருக்கின்றது. 2005 இல் பொஸ்டன் நகரில் லவோய், செல்கோ முதலியோர் இப்புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தனர். டோபமீன் பார்க்கினோடு பிணைந்து அதனைக் கரையாத கட்டியாக்கி, அதன் தொழிலை நிறுத்திவிடுகின்றது. நோயற்றவர் மூளையிலும் இப்பிணைப்பு கரும்பொருளிலே மட்டும் காணப்பட்டது. காவற்காரன் காக்கப்போன பண்டத்தாலேயே கட்டுண்டான். நோய்க்குக் காரணம் இஃது ஒன்றே என்று நான் சொல்லவில்லை. பல காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன.

இதைக் கேட்ட எங்கள் உறவினர் ஒருவர், "டோபமீன் நஞ்சென்றால் அதை ஏன் மாத்திரையாகக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு, பெரியப்பாவின் மருந்தை இரண்டு நாள் மறைத்து வைத்துவிட்டார். மூன்றாம் நாட்காலை பெரியப்பாவாற் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை.

அம்மருந்து லெவோடோபா, மூளைக்குட் சென்றபின் டோபமீனாக மாறுவது. பூனைக்காலி விதையிலே அது இருப்பதை 1937 இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். உறவினரின் ஐயம் அறிவற்றது அன்று. வைத்தியர்களுக்கும் அது நெடுங்காலம் இருந்தது. ஒல்லாந்தில் 445 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு உடனேயும் மற்றையோருக்கு 40 வாரங்கள் கழித்தும் இம்மருந்தைத் தொடங்கினர். 80 ஆம் வாரத்தில் இரு சாராரும் ஒரே நிலையில் இருந்தனர். 2019 இல் வெளிவந்த முடிவு இது. மருந்து நோயைத் தடுக்கவுமில்லை, விரைவுபடுத்தவுமில்லை. வைத்தியரைக் கேளாமல் அதைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாழைப்பழத்தை நிறைய உண்டால் என்ன என்று கேட்பீர்கள். அதிலுள்ள டோபமீன் இரத்தத்திலிருந்து மூளைக்குட் புகாது. அதன்பின் பெரியப்பாவுக்கு மாத்திரையைச் சோற்றுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே கொடுத்து வந்தோம். மீனும் பருப்பும் கூடவே சென்றால் மருந்து உடலிற் சேர்வது குறையும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பகலுணவுக்குப் பின் அவர் மெல்ல நடந்து துறைமுகப் பக்கம் போய்வருவார்.